சாமி தெருவைத் தாண்டும்வரை

அப்பாவின் தாடையைச் சேர்த்துக் கட்டுவதற்காகச் சிவசங்கரி பழைய வேட்டியைக் கிழித்தாள். தம்பி விஜயராகவன் அவசரமாகப் போய் ஜன்னலைச் சாத்தினான். ஆறு மாதமாகப் படுக்கையில் கிடந்த நாராயணசாமியின் உயிர் பிரிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

"அழுதுடாதக்கா. சாமி நம்ம தெருவத் தாண்டட்டும்" என்றான்.

அன்று மாசி மகம். தெரு மாரியம்மனை டிராக்டரில் ஏற்றி, வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குக் கொண்டுபோகும் நாள். தெருவில் சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை சாமி நகராது. கோயில் தகராறில் ஆறு வருஷமாக நின்றுபோயிருந்த ஊர்வலம் இந்த வருஷம்தான் புறப்படுகிறது. விஜயராகவன் விழாக்குழுத் தலைவர். செத்த தகப்பனை விட்டுவிட்டு டிராக்டரைப் பற்றிக் கவலைப்படுகிற தலைவர்.

"மனுஷன் செத்திருக்காருடா."

"இப்ப சொன்னா எல்லாம் நின்னுடும். என்னத்தான் காறித் துப்புவாங்க."

அம்மா தனக்கொடி கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்திருந்தாள். ஐம்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு வாய்விட்டு அழக்கூட உரிமை இல்லையா என்று சிவசங்கரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளும் வாயைத் திறக்கவில்லை.

பம்பைச் சத்தம் வாசலில் வந்து நின்றது. தட்டோடு யாரும் வெளியே போகாவிட்டால் சந்தேகம் வரும். சாவுத் தீட்டோடு சிவசங்கரி சாமிக்குத் தேங்காய்த் தட்டை நீட்டினாள்.

"அப்பா பேருக்குத்தானம்மா?" என்றார் பூசாரி அம்மாவாசை.

"ஆமா."

"தாயே, நாராயணசாமி நோய் நொடி இல்லாம நல்லா இருக்கணும்" என்று உரக்கச் சொல்லித் தேங்காயை உடைத்தார். "எழுந்துக்க முடியலியா?"

"தூங்குறாரு."

"இந்தத் திருநீற நெத்தியில பூசி வுடு. எழுந்து உக்காந்துடுவாரு."

டிராக்டர் தெருமுனையில் திரும்பி மறைந்தது. உள்ளே வந்து திருநீற்றை அப்பாவின் நெற்றியில் பூசினாள். நெற்றி சில்லிட்டிருந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. "அப்பா" என்று தொடங்கியதுமே, பின்னால் ஓடிவந்த தம்பி அவள் வாயைப் பொத்தினான்.

"கடலுக்குப் போன சாமி இதே வழியாத்தான் திரும்பணுங்கா. சாயங்காலம் நாலு மணி ஆயிடும்."

"முன்னாடியே ஏண்டா சொல்லல?"

அவன் தோளில் கிடந்த மஞ்சள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "தனக்கொடியக்கா, சாமி திரும்பி வர்றப்ப பொங்க வெச்சுப் படைக்கணுமே, இன்னும் அடுப்பு பத்த வெக்கலியா?"

பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. சிவசங்கரி அம்மாவைப் பார்த்தாள். தனக்கொடி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"தோ, வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் குக்கர் விசிலடித்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.