அளவெடுத்த பின் சொன்ன விலை

தையல்காரரின் வலக்கை தோளுக்கு மேல் எழ மறுத்து இரண்டு மாதமாயிற்று. கத்தரி பிடிக்கும் கை முடங்கினால் கடையை மூட வேண்டியதுதான். உடற்பயிற்சிக்குத் தனிப் பயிற்சியாளர் ஒருவரை அமர்த்திக்கொள்ளும்படி மருத்துவர் சீட்டு எழுதித் தந்தார். மைத்துனன் துணைக்கு வந்தான்.

முதலில் பார்த்த பயிற்சியாளருக்குச் சட்டைக்குள் அடங்காத புஜங்கள். இருவரும் உட்காருமுன்பே, "மூணு மாசத்துக்குச் சேத்துக் கட்டினா பாதி விலை. சலுகை இன்னையோட முடியுது" என்றார்.

வெளியே வந்ததும் மைத்துனன் துள்ளினான். "மாமா, தோளா அது? தூணு!"

"அவர் தோளை நானும் பாத்தேன் மாப்ள. என் தோளை அவர் பாக்கலையே."

அடுத்த தெருவில் பயிற்சி அளித்தவர் ஒல்லியான பெண்மணி. அவர் மருத்துவரின் சீட்டை இருமுறை படித்தார். துணி வெட்டுவதுபோல் கையை அசைத்துக் காட்டச் சொல்லி, அது நடுங்கி நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டார். "எடை தூக்கறதெல்லாம் அப்புறம். முதல் மாசம் கையை நீட்டி மடக்கறது மட்டுந்தான்" என்றவர், கடைசியில்தான் கட்டணத்தைச் சொன்னார். அது முன்னவர் கேட்டதைப் போல் இரு மடங்கு.

மைத்துனன் காதைக் கடித்தான். "நீட்டி மடக்க இவ்வளவா? நான் சும்மாவே சொல்லித் தர்றேன்!"

தையல்காரரும் குரலைத் தாழ்த்தினார். "அளவெடுக்காம மலிவா ஒருத்தன் உனக்குக் கல்யாணச் சட்டை தைச்சானே, அது இப்ப எங்க?"

"தலகாணிக்கு உறையா இருக்கு."

தையல்காரர் இடக்கையால் பணப்பையை எடுத்தார். "ஒரு மாசத்துக்கு மட்டும் கட்டறேன்மா. கை எழுந்தா மேல பேசுவோம்."

"அப்படித்தான் கட்டணும்" என்றார் அவர்.