ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம்

தாண்டவராயன் வந்து சேர்ந்தபோது விழுப்புரத்து மைதானத்தில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் முடிந்துவிட்டிருந்தது. முடிவுக்கோட்டில் காற்றடைத்து நிறுத்திய வளைவைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். அது புல்லில் சுருண்டு கிடக்க, இரண்டு பேர் மிதித்து மிதித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். பொங்கல் பொட்டலம் கொடுத்த மேசையில் காலி அட்டைப்பெட்டிகள் மட்டும் இருந்தன.

"ஒன்றரை மணி நேரத்தோட க்ளோஸ் பண்ணிட்டோம் சார்" என்றாள் அங்கிருந்த பெண். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாழைப்பழம் இருக்கு, சாப்புட்றீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். 

திண்டிவனத்தில் மின்வாரிய லைன்மேன் அவர். நாற்பத்தாறு வயது. ஒரு காலத்தில் நூற்று முப்பத்திரண்டு கிலோ. கம்பம் ஏற முடியாமல் போனதும் ஆபீஸில் புகார் எழுதும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி என்று ஒவ்வொன்றாக வந்து சேர, போன வருஷம் புதுச்சேரியில் ஆபரேஷன் செய்துகொண்டார். இரைப்பையைச் சுருக்கி, குடலை மாற்றித் தைத்து அனுப்பினார்கள். பதினாலு மாதத்தில் எண்பத்து நாலுக்கு வந்தார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். பத்து கிலோமீட்டரை ஒரு மணி இருபத்திரண்டு நிமிஷத்தில் முடித்தபோது அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அந்த மிதப்பில்தான் இந்த ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தார். ஆபீஸ் முழுக்கச் சொல்லியும் வைத்தார்.

ஐந்து கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. ஆறாவதில் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் யாரோ டம்ளர் நிறைய ஆரஞ்சு சர்பத்தை நீட்டினார்கள். நாக்கு வறண்டிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் ஆகாது, எதையும் வாய் வாயாகத்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ஒரே மடக்கில் குடித்துவிட்டார். சில நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடித்தது. உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்தது, வயிறு முறுக்கிப் பிசைந்தது. ஒரு பஞ்சர் கடை வாசலில், அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஏறவில்லை. படபடப்பு அடங்கியதும் எழுந்து, மீதி நாலு கிலோமீட்டரை நடந்தே வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி தனம் வேப்பமர நிழலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.  மோரை மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் உதட்டை நனைத்து நனைத்துக் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"போலாமா?"

"ம்."

திண்டிவனம் பஸ்ஸில் இருவர் சீட் கிடைத்தது. பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டியது. சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆபீஸ் குரூப்பில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தார்கள்: 'டைமிங் இன்னாண்ணே?'

"இத்தோட போதும் தனம்" என்றார் அவர். "பேஜாராப் போச்சி. இனிமே ஓட்றதுல்ல. குண்டா இருந்தப்ப குண்டன்னு சிரிச்சானுங்க. இப்ப ஆபரேஷன் பண்ணிக்கினும் ஆவலன்னு சிரிப்பானுங்க."

 தனமும் விடியுமுன் எழுந்து கிளம்பி வந்தவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்களாண்ட ஒண்ணு சொல்லணுங்க" என்றாள். "முன்ன நீங்க தூங்கறப்ப கொறட்டை வுடுவீங்க இல்ல? திடீர்னு நின்னுபூடும். மூச்சே இருக்காது. நான் மனசுக்குள்ள எண்ணிக்கினே இருப்பேன். பத்து, பதினஞ்சி... அதுக்கப்புறம் தோள புடிச்சி உலுக்குவேன். திரும்ப கொறட்டை வந்தாத்தான் எனக்கு மூச்சி வரும். ஆறு வருசம் இப்படித்தான். நான் சரியா தூங்கவே இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லி? நீங்களும் பயந்துக்கினு முழிச்சிக்கினு இருப்பீங்க. ரெண்டு பேரும் முழிச்சி இன்னா ஆவப்போவுது?" என்றாள். "இப்ப படுத்தா, காலைல பால்காரர் பெல் அடிக்கசொல்லத்தான் முழிக்கறேன். நீங்க ஓடி எனக்கு மெடல் வாணாம். மெடல் வந்தா ஆணில மாட்டுவோம், வராட்டி ஆணி சும்மா கெடக்கட்டும். ஆனா காலைல எழுந்து போறத மட்டும் வுட்ராதீங்க. நடங்க, ஓடுங்க, உக்காந்து உக்காந்து போங்க. உடம்பு திரும்பப் பழையபடி ஆச்சின்னா இன்னொரு ஆறு வருசம் என்னால முடியாதுங்க. நெஜமா சொல்றேன். நான் ஓஞ்சிபூட்டேன்."

அவள் அழவில்லை. மூட்டையை இறக்கி வைத்தவள்போல ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

 மைதானத்தில் வராத அழுகை தாண்டவராயனுக்கு இப்போது வரப் பார்த்தது. முன் சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிட்டனே, அதான்" என்றார் மெதுவாக.

"சொன்ன வாயாலயே முடியலன்னும் சொல்லுங்க."

போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். 'ஒரு மணி ஐம்பத்தெட்டு நிமிஷம். சர்பத் குடித்து மயக்கம் வந்துவிட்டது. பாதி நடைதான். மெடல் இல்லை.'

 உடன் வேலை பார்க்கும் பிரவீன்குமாரிடமிருந்து பதில் வந்தது: 'பத்தையும் முடிச்சிட்டீங்களாண்ணே? போன வருசம் நான் நாலாவது கிலோமீட்டர்ல ஷேர் ஆட்டோ புடிச்சேன். யாருக்கும் சொல்லல.'

படித்துக் காட்டினார். தனம் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

இரண்டு நாள் கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆசையாக ஒன்றும் இல்லை. போகத்தான் வேண்டும் என்று இருந்தது. தனமும் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பினாள். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சுற்று சேர்ந்தே நடந்தார்கள்.

"எனக்கு இவ்ளோதான். நீங்க போங்க" என்று அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் மூன்றாவது சுற்றைப் பாதி ஓடினார், பாதி நடந்தார். நாலாவதையும் அப்படித்தான் முடித்தார். மூச்சு வாங்கியது. இடுப்பில் கை வைத்துக் கொஞ்சம் நின்றுவிட்டு, ஐந்தாவது சுற்றைத் தொடங்கினார்.