மழை விழட்டும்

ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் ஆறுமுகநேரி உப்பளத்தில் சித்திரை வெயில் அடித்தது. சுடலைமாடத்தி விடிந்ததும் வாசலில் நின்று கடல் பக்கம் பார்ப்பாள். பேருக்குக்கூட மேகம் இருக்காது. பக்கத்து ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் மழை கேட்டுக் கோயில் கோயிலாகப் போனார்கள். உப்பள முதலாளிக்கோ வாயெல்லாம் பல். வழக்கமாக இந்நேரம் மூடிவிடும் அளத்தில் இன்னும் ஒரு வாரம் உப்பு வாரலாம் என்று சொல்லிவிட்டார்.

அளத்து ஆட்களுக்கு மழைதான் விடுமுறை. கல்யாணப் பேச்சு, வீட்டுக்கு ஓடு மாற்றுவது, பல் பிடுங்குவதுகூட ‘மழை விழட்டும்’ என்றுதான் தள்ளிப்போகும். சுடலைமாடத்தி தன் கண்ணையும் அப்படித்தான் தள்ளிப்போட்டாள். மூன்று வருஷமாக வலது கண் மங்கல். உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண் என்று தனக்குத்தானே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். மழைக்காலத்தில் வீட்டில் இருந்தால் கூச்சம் குறையும். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். இந்த வருஷம் இடது கண்ணும் சேர்ந்துகொண்டது. கண் சிகிச்சை முகாமுக்கு வந்த டாக்டர், இரண்டிலும் புரை என்று சொல்லி ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். நாளை, வியாழக்கிழமை காலையில், ஆஸ்பத்திரி வேன் வரும்.

"எம்மா, நாளைக்குப் போவியா மாட்டியா?" மகள் சண்முகப்ரியா காலையிலேயே கேட்டாள்.

"மழை விழட்டும்ளா. வானம் மப்பு போட்டா கண்ணு தானாத் தெளிஞ்சிரும்."

உண்மையில் அவளுக்குப் பயம். கண்ணில் கத்தி வைப்பார்களே என்பது ஒன்று. கண் தெரியாதவள் என்று தெரிந்தால் கங்காணி வேல்ராஜ் இனி வரப்பில் சுமை தூக்க விடமாட்டான் என்பது அதைவிடப் பெரிய பயம். கால்களுக்கு வரப்பு அத்துபடி என்பதாலும், எல்லோரையும்போலக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததாலும் இதுவரை மறைக்க முடிந்தது.

நண்பகலில் வாடைக்காற்று சட்டென்று வீசியது. கழுத்து வியர்வை ஜில்லிட்டது. தலைச்சுமையை உப்பு அம்பாரத்தில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள். வானம், பாத்தி, உப்புக் குவியல் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அப்பாடா, வந்தேவிட்டது!

"ஏ, மப்பு போட்டுட்டு! மழை வருது, ஓடியாங்க! தார்ப்பாயை எடுங்க!"

மழை வாசம் பிடிப்பதில் அவளை மிஞ்ச அந்த அளத்தில் ஆளில்லை. உப்பு நனைந்தால் ஒரு வாரப் பாடு கரைந்துபோகும். யாரும் யோசிக்கவில்லை, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தார்கள். துளி மேகம் இல்லாத நீல வானம்.

"எங்கனக்கா மப்பு?" என்றான் வேல்ராஜ்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காற்று நின்றிருந்தது, முதுகில் வெயில் சுள்ளென்று அடித்தது. தார்ப்பாயின் முனை கையில் இருந்தது. அதை இழுப்பதா விடுவதா என்று தெரியவில்லை.

ஜெபசுதா முன்னால் வந்தாள். பதினொரு வருஷமாக அவளோடு சேர்ந்து சுமை தூக்குபவள். முகாமுக்குக் கூட்டிப்போனதும் அவள்தான்.

"இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வருது அண்ணாச்சி. மூடி வச்சா என்ன?" என்று மறுமுனையைப் பிடித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு வேன்ல நானும் வாரேன் யக்கா. விடாமப் பிடி" என்றாள்.

சுடலைமாடத்தி முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வேல்ராஜ் வானத்தைப் பார்த்தான், அவளுடைய கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். குனிந்து, ஒரு கல்லைத் தூக்கித் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்தான். மற்றவர்களும் ஆளுக்கொரு கல்லாக எடுத்துவந்து, கொளுத்தும் வெயிலில் அம்பாரத்தை மூடத் தொடங்கினார்கள்.