லிஃப்டுக்கு அடியில் கிடைத்தவர்

தம்பிக்குச் சட்டை மாட்டுவதற்கு முன் அக்கா அதன் பைகளைத் துழாவினாள். பழக்கதோஷம். துவைக்கப் போடும்போதெல்லாம் அப்படித்தான் துழாவுவாள். ஒரு ஸ்க்ரூ, கருகிய ஃப்யூஸ், யாருடையதோ ஒரு கம்மல் திருகாணி, ஏதாவது விரலில் தட்டும். இது தேய்த்து நாற்காலியில் தொங்கிய சட்டை. மறுநாள் வேலைக்கென்று பையில் இருப்பதையெல்லாம் நேற்றிரவே அதற்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் அவன் படுத்தான். விடிவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மதியத்துக்கு மேல் அவனை எடுத்துப்போக வண்டி வரும்.

"வேற நல்ல சட்டை இல்லையாக்கா?" என்றான் நட்டு. தம்பியோடு சேர்ந்து லிஃப்ட் பழுது பார்ப்பவன். குள்ளமாக, கெட்டியாக இருப்பதால் அந்தப் பெயர்.

"கம்பெனிச் சட்டைக்கு மேல நல்ல சட்டை அவன்கிட்ட ஏது? கல்யாணத்துக்கே இதைத்தானே மாட்டிட்டுப் போவான்."

"அதுவும் சரிதான். எங்க மாமா மக கல்யாணத்துல, லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஆளுன்னு நினைச்சு நம்ம அண்ணனை மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு அனுப்பிட்டாங்க. மனுஷன் ஒண்ணும் சொல்லல. ரிப்பேரை முடிச்சுட்டுத்தான் சாப்பிட வந்தாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சட்டையின் மேல்பையில் விரலை விட்டாள். பூதக்கண்ணாடி. அதற்குக் கீழே, அந்தப் பதக்கம்.

லிஃப்ட் ஏறி இறங்கும் பாதைக்கு அடியில் ஒரு குழி இருக்கும். வாசல் இடுக்கு வழியாக ஜனங்கள் நழுவ விடுவதெல்லாம் அங்கே போய்ச் சேரும். குழியில் இறங்கினால் தம்பி சும்மா ஏறி வரமாட்டான். கிடைத்ததைத் துடைத்து, அந்தக் கட்டடத்திலேயே லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி, இன்ன பொருள் என்று ஒரு அட்டையும் எழுதி வைப்பான். சாவி, மோதிரம், ஒருமுறை பொம்மையின் கை. அந்தக் கையைத் தேடி ஓர் அம்மாள் வந்து வாங்கிப் போனதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். யாரும் கேட்டு வராத சில்லறைகள் மட்டும் அவனிடம் தங்கின. அதிலிருந்துதான் நாணயம் சேர்க்கும் பித்து பிடித்தது. பூதக்கண்ணாடி வாங்கினான், ஆல்பம் வாங்கினான், ஞாயிற்றுக்கிழமையானால் பழைய நாணயக் கடையே கதி என்று கிடந்தான். தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவனைப் போல அவ்வளவு சந்தோஷம்.

பதக்கம் கிடைத்தது பழைய ஆறு மாடிக் கட்டடத்தில். கரேலென்று, மேலே சின்ன வளையத்தோடு இருந்தது. நாணயமில்லை, யாரோ கழுத்தில் போட்டிருந்த சாமிப் பதக்கம் என்பது மட்டும் புரிந்தது. சேகரிக்கிறவர்கள் செய்யவே கூடாத காரியத்தை அன்றே செய்தான். லிஃப்ட் கதவின் பித்தளைக்குப் போடும் பாலிஷைத் தொட்டு, கதவைத் தேய்க்கிற அதே மும்முரத்தோடு தேய்த்தான். அழுக்கு போயிற்று. கூடவே உருவமும் போயிற்று.

"யாரைக் கேட்டுய்யா தேச்சே?" என்றாராம் நாணயக் கடைக்காரர். "மூஞ்சியைத் துடைச்சுப் போட்டுட்டு, இது யாருன்னு என்னை வந்து கேக்குற."

வேறொருவனாக இருந்தால் அதை மேசை இழுப்பறையில் போட்டு மறந்திருப்பான். இவனால் முடியவில்லை. வழவழப்பான தகட்டை ஆணியில் மாட்டினால், தொலைத்தவருக்கே தன்னுடையது என்று தெரியாது. எந்தச் சாமி என்று அட்டையில் எழுத வேண்டும். எழுதினால் வருவார்கள் என்று நம்பினான். இத்தனை வருடத்தில், சில்லறையைத் தவிர, உரியவருக்குக் கொடுக்க வழி தெரியாமல் அவன் கையில் நின்றுபோன ஒரே பொருள் அதுதான்.

நேற்றிரவுகூட மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, உன் கண்ணுக்கு ஏதாவது தெரியுதா பாரு."

"உன் வழுக்கைதான் தெரியுது. விளக்கை அணைச்சுட்டுப் படு."

அணைத்துவிட்டுப் படுத்தான்.

"பையிலயே இருக்கட்டும்கா," என்றான் நட்டு மெதுவாக. "அவரோடவே போகட்டும்."

"இது அவனுது இல்லையே."

"யாருதுன்னும் தெரியலையே."

அக்கா பதக்கத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, காலுறை எடுக்கத் தம்பியின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தியதும் வெளியே பேச்சுக்குரல்கள் அடங்கின. ஜன்னல் திரைகூட விலக்காத அறை. விரித்த படுக்கையில் தலையணை இன்னும் குழிந்திருந்தது. அதை நிமிர்த்தப் போன கை பாதியில் நின்றது. அந்தத் தடுமாற்றத்தில் பதக்கம் நழுவி, தரையில் உருண்டு, கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது.

முட்டி வலியோடு அவள் குனிந்தாள். ஒரே இருட்டு. அவனுடைய வேலைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தாள். தூசிதான் தெரிந்தது.

நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாதுக்கா. தரையோட தரையா அடிக்கணும். அப்பத்தான் சின்னச் சாமானுக்கும் நிழல் விழும். குழியில நான் அப்படித்தான் தேடுவேன்.

என்றோ சோறு பிசைந்துகொண்டே தம்பி சொன்னது. அவள் அப்போது காது கொடுத்ததாகக்கூட நினைவில்லை. டார்ச்சைத் தரையில் படுக்க வைத்தாள். வெளிச்சம் தரையைத் தடவிக்கொண்டு ஓடியது. சுவரோரம் பதக்கம் கிடந்தது. அதன்மேல் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அக்கா தலையை இன்னும் தாழ்த்தினாள். கையில் ஒரு கோல். முழங்கால் வரை கோடு கோடாகத் தண்ணீர். தோளில் ஏதோ பாரம். பதக்கத்தை வெளியே இழுத்து, திரையை விலக்கி ஜன்னல் பக்கம் காட்டினால் வெறும் தகடு. மறுபடி தரையில் வைத்து வெளிச்சத்தைச் சாய்த்தால் அவர் வந்து நின்றார்.

"நட்டு, இங்க வா."

அவன் வந்து அவள் பக்கத்தில் குப்புறப் படுத்தான்.

"நம்மாளுக்கா இவரு. புனித கிறிஸ்தோபர். எங்கப்பா லாரியில கண்ணாடிக்கு முன்னாடி தொங்குவாரு. ஆத்தைத் தாண்ட முடியாதவங்களைத் தோள்ல தூக்கி அக்கரையில விடுறவரு. தோள்ல இருக்குறது குழந்தை இயேசு." பதக்கத்தை ஒரு விரலால் தொட்டான். "எத்தனை தடவை இதைக் கையில வாங்கிப் பார்த்திருக்கேன். டார்ச்சு அண்ணன் இடுப்புலயேதான் தொங்கிட்டு இருந்தது."

"குழிக்குள்ள தெரிஞ்சது மேசைக்கு வந்ததும் மறந்துபோச்சு அவனுக்கு."

பதக்கத்தைத் திருப்பி வைத்தாள். பின்பக்கத்தில் எழுத்தோ உருவமோ இல்லை. வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள் மட்டும், ஒன்றுக்குள் ஒன்றாக, விளிம்பு வரை. தம்பி ஓரிடத்தைக்கூட விடாமல் தேய்த்திருந்தான். நட்டு எழுந்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடு அறையில் சட்டையை மாட்டி முடித்தார்கள். நட்டு மேல்பையை விரித்துப் பிடித்தான்.

"வைங்கக்கா. பயணத் துணைக்குன்னே இருக்குறவரு. இதைவிட என்ன வேணும்?"

அவள் கை பை வரை போனது. வைத்துவிட வேண்டும் போலத்தான் இருந்தது. கொடுத்தனுப்ப அவளிடம் வேறு எதுவும் இல்லை. துணி வழியாக அவன் மார்பின் குளிர்ச்சி விரலில் பட்டது. வெறும் பையை மூடிப் பொத்தானைப் போட்டாள்.

"அடுத்தவங்க சாமான் எதையும் இவன் எடுத்துட்டுப் போனதில்ல," என்றாள்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை அந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாள். லிஃப்ட் கதவருகே அவன் அடித்த ஆணி காலியாக இருந்தது. பதக்கத்தை நூலில் கோத்து மாட்டினாள். அட்டையைத் தன் கையால் எழுதி வந்திருந்தாள். 'புனித கிறிஸ்தோபர். பழைய பதக்கம். லிஃப்டுக்கு அடியில் கிடைத்தது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவும்.' எழுத்து கோணலாக இருந்தது. நேராக்க முடியுமா என்று ஒரு கணம் நின்றாள்.

லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே கைத்தடியோடு ஒரு பெரியவர்.

"மேலயாம்மா?"

மேலே அவளுக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை.

"ஆமா."

முட்டி வலிக்குப் பயந்த பழக்கத்தில் காலைக் கொஞ்சம் உயர்த்தினாள். கீழே பார்த்தாள். தம்பி சீராக்கி வைத்திருந்தபடி, வாசல் தரையும் லிஃப்டின் தரையும் ஒரே கோடாக இருந்தன. காலை இறக்கி, தரையோடு தரையாக வைத்து உள்ளே போனாள்.