கழுத்தில் தொங்கிய சாவி

ஃபிட்டர் அக்கா டிரான்ஸ்ஃபார்மர் யார்டு வாசலில் இருந்த, கரண்டை நிறுத்தும் கைப்பிடியை இறக்கித் தன் பூட்டை மாட்டினாள். சாவியைக் கழுத்துக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் விட்டாள். பிறகு உள்ளே வேலைக்குப் போகாமல் நேராகக் கேன்டீனுக்கு நடந்து டீ சொன்னாள்.

திட்டம் அவ்வளவுதான். மீதியைச் சிரிப்பு பார்த்துக்கொள்வார்.

சிரிப்பு என்றால் மேனேஜர். ஆளை வேலையை விட்டு அனுப்பும்போதும் அந்த முகத்தில் சிரிப்பு மாறாது என்பதால் ஆலை முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

மின்சாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு உயிர் கழுத்தில் தொங்கும். கம்பிப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்து அவரவர் சாவியால் அவரவர்தான் திறக்க வேண்டும். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். முதலாளியே வந்து நின்றாலும் அடுத்தவன் பூட்டில் கை வைக்கக் கூடாது.

சிரிப்பு கை வைத்தார். இங்கே நிலக்கரி உலை ஓடிய காலத்தில், நின்றுபோன லைனைச் சீக்கிரம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற அவசரம். கார் டிக்கியில் எப்போதும் கிடக்கும் கட்டரை எடுத்து, தம்பியின் பூட்டை வெட்டி, கைப்பிடியை ஏற்றிவிட்டார். அக்காவின் கூடப்பிறந்த தம்பி. உயிர் தப்பியது. வலது கை முழங்கையோடு போனது.

"பூட்டு எங்கங்க? காட்டச் சொல்லுங்க பாப்போம். அவன் பூட்டவே இல்ல," என்று விசாரணையில் சொல்லிவிட்டுச் சிரித்தார் சிரிப்பு. பார்த்த சாட்சி யாரும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தம்பியின் கழுத்தில் சாவி மட்டும் அப்படியே தொங்கியது. கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

அப்புறம் உலையை மூடும் காலம் வந்தது. அந்த இடத்தில் சூரிய மின்நிலையம். "ஒருத்தர்கூட வெளிய போக மாட்டீங்க. பயிற்சி குடுத்து எல்லாரையும் புதுசுல சேப்போம்," என்றார் சேர்மன் அம்மா மைக்கில். கைதட்டல் ஓய வெகு நேரமானது. சூரியன்மேல் யாருக்குக் கோபம்? கரித்தூளைத் துப்பித் துப்பியே பாதி ஆயுசைக் கழித்தவர்கள் அவர்கள்.

ஆனால் ஆள் எடுக்கும் பொறுப்பைச் சிரிப்பிடம் விட்டார்கள். கெட்ட பெயர் எடுத்தவர்களுக்கு இடமில்லை என்றார் அவர். யாருக்குக் கெட்ட பெயர் என்பதையும் அவரே சொன்னார். எதிர்த்துப் பேசின வாய்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றன. கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்துப் பொத்தான் அழுத்தும் வேலைக்கு ஒரு கை தாராளம். பயிற்சியில் தம்பிதான் முதலில் வந்தான். அந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவன் சிரிப்பின் மகளைக் கட்டியவன். ஆலைக்கே மாப்பிள்ளை.

பயிற்சியில் கொடுத்த புதுப் பூட்டைத் தம்பி அக்காவின் கருவிப் பையில் போட்டான். "என் பூட்டாவது வேலைக்குப் போய்ட்டு வரட்டும்க்கா." சாவியைப் பழைய சாவியோடு சேர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அன்றைக்குத்தான் அக்கா முடிவு செய்தாள்.

இன்று திறப்பு விழா. விழா முடிந்ததும் அவளுடைய தற்காலிக வேலையும் முடிகிறது.

"அவரு வெட்டலன்னா?" என்று காலையில் கேட்டார் மீசை, சங்கத் தலைவர்.

"பந்தல் போட்டு, கேமரா வெச்சு, பொத்தான அழுத்தினா லைட் எரியலன்னா? வெட்டுவாருண்ணே. ருசி கண்ட கை. நீங்க சேர்மனம்மாவ அந்த நேரம் யார்டுப் பக்கம் கூட்டிட்டு வந்தா போதும்."

"வரமாட்டேன்னா?"

"அவ்ளோ பெரிய மீச எதுக்கு வெச்சிருக்கீங்க? அதக் காட்டிக் கூப்பிடுங்க."

டீயை வாயருகே கொண்டுபோனவள் ஜன்னல் வழியே யார்டைப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால், ஏணிமேல் ஒரு மஞ்சள் ஹெல்மெட். மாப்பிள்ளை! கம்பியில் சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்த பாலிதீன் பையை எடுக்க ஏறியிருக்கிறான். போட்டோவில் அசிங்கமாக விழும் அல்லவா!

பழைய ஆள் ஒருவனும் செய்யாத தப்பு. 'அதான் ஒரு பூட்டு தொங்குதே' என்று தன் பூட்டை மாட்டாமல் அவளுடையதை நம்பி ஏறிவிட்டான். வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அவன் தெரிய மாட்டான். அந்த வாசலை நோக்கித்தான் சிரிப்பு வேகமாக நடந்துகொண்டிருந்தார். கையில் கட்டர்.

அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்தில் டீ குடித்தால் போதும். கைக்குக் கை. அதுவும் அந்த ஆள் கையாலேயே. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. எத்தனை இராத்திரி இதைக் கேட்டு அழுதிருக்கிறாள்!

ஒரு வாய் டீ குடித்தாள். டம்ளரை வைத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள்.

யார்டு வாசலை அவள் எட்டியபோது பூட்டு 'டக்'கென்று விழுந்தது. சேர்மன் அம்மா, மீசை, பின்னால் கேமராக்காரர்கள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சும்மா மாட்டிட்டுப் போயிருக்கா மேடம். வெளையாட்டு," என்று சிரித்தபடி கைப்பிடியைப் பிடித்தார் சிரிப்பு.

"ஏத்துங்க சார்," என்றாள் அக்கா. "உள்ள யாருன்னு பாத்துட்டு ஏத்துங்க."

"நீதான் வெளிய நிக்கிறியே!"

"நான் நிக்கிறேன். மாப்பிள்ளை எங்க?"

"மாமா!" மேலிருந்து குரல் வந்தது. "பைய எடுத்துட்டேன்!"

சிரிப்பு நின்றது. ஆயுசிலேயே முதல் தடவையாக அந்த முகம் சிரிப்பில்லாமல் இருந்தது. கையை எடுக்கப் பார்த்தார். அதன்மேல் அக்காவின் கை இறுகியது. இரும்பு முடுக்கிப் பழகிய கை.

"அன்னிக்கும் ஒருத்தன் இப்படித்தான் மேல இருந்தான். அவன் பூட்டு என்னாச்சு?"

"கைய எடு! பைத்தியமா நீ?"

"சொல்லுங்க, எடுக்கறேன்."

கைப்பிடி இலேசாக மேலே நகர்ந்தது.

"வெட்டினேன்! நான்தான் வெட்டினேன்! சாக்கடையில போட்டுட்டேன்! ஐயோ, அவன எறங்கச் சொல்லுங்களேன்!"

"எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றாள் அக்கா. கைப்பிடியை ஒரே மூச்சில் மேலே தள்ளினாள்.

சேர்மன் அம்மா அலறினார். சிரிப்பு மண்ணில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை. மாப்பிள்ளை கையில் பையோடு ஏணியில் விழித்துக்கொண்டிருந்தான்.

அக்கா கைப்பிடியை மறுபடி இறக்கினாள். "சோலார் பேனல் பக்கம், கேன்டீனுக்குப் பின்னால இன்னொரு கைப்பிடி இருக்கு. அதைத் தாண்டித்தான் கரண்ட் இங்க வரணும். அத எறக்கி, எந்தம்பி பூட்ட மாட்டிட்டுத்தான் வந்தேன். நான் உங்கள மாதிரி இல்ல சார். பயம் எப்படி இருக்கும்னு மட்டும் காட்டினேன்."

சேர்மன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா... இவரை நான் பாத்துக்கறேன். அந்தப் பூட்டைத் திற. விருந்தாளிங்க காத்திட்டிருக்காங்க."

"சாவி எங்கிட்ட இல்லீங்க. எந்தம்பி கழுத்துல இருக்கு."

எல்லோர் கண்ணும் கட்டரின்மேல் போனது. "இன்னொரு தடவையா மேடம்?" என்றார் மீசை, கேமராவைப் பார்த்தபடி. யாரும் தொடவில்லை.

"அவனை வரச் சொல்லுங்க!"

"வெளியாளு கைப்பிடிப் பக்கம் வரக் கூடாதுன்னு உங்க விதிதான் சொல்லுது மேடம்," என்றபடி தன் மீசையை நிதானமாக நீவினார் சங்கத் தலைவர். "வேலையில சேத்தாதான் உள்ள வர முடியும். கேட்டுக்கிட்ட நிக்கிற மத்தவங்களையும் சேத்தே கூப்பிட்டுடுங்க. தனியா வர அவனுக்குக் கூச்சம்."

பந்தலில் விருந்தாளிகள் விசிறிக்கொண்டிருந்தார்கள். சேர்மன் அம்மா கேமராவைப் பார்த்தார். மைக்கில் தான் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவரையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெரிய கேட்டைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வருகிறவர்களைத் தாண்டித்தான் சிரிப்பு வெளியே போக வேண்டியிருந்தது. யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை.

தம்பி இடது கையால் கயிற்றை இழுத்துப் புதுச் சாவியைத் தேடி எடுத்தான். பூட்டைத் திறந்தவன் கைப்பிடியை உடனே ஏற்றவில்லை.

"அந்தாளு கை நடுங்குச்சாக்கா?"

"நடுங்குச்சு."

"நல்லா?"

"நல்லா."

"லைட்டு மெதுவா எரியட்டும். அதுக்கு முன்னால," தம்பி கைப்பிடியில் சாய்ந்துகொண்டான், "மொதல்லேர்ந்து சொல்லு."