நைந்தது என்றொரு பாராட்டு

வேறு எங்காவது ஒரு பொருளை ‘நைந்தது’ என்றால், தூக்கிப் போடச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். எங்கள் நூலகத்தில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. முனை மடங்கி, ஓரம் அழுக்கேறி, பல பேர் கைபட்டுத் தொளதொளத்துப் போன புத்தகத்துக்குத்தான் பதிவேட்டில் அப்படி எழுதுவோம். அதற்குப் புது அட்டை கிடைக்கும். பத்து வருஷமாகியும் மொடமொடப்பாக நிற்பது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும்.

எங்கள் தலைமை நூலகர் எழுதிய ஒரே நாவல் அப்படித்தான் நின்றது. கழிக்க வேண்டிய புத்தகங்களைப் பிரிக்க மறுநாள் காலை ஆய்வாளர் அம்மா வருகிறார். மனுஷன் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு, அறைக்குள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மடக்கினார், தேய்த்தார், டீயைச் சொட்டவிட்டார். பாவமாக இருந்தது.

எனக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் உண்டு. புத்தகம் வந்த புதிதில் உதவியாளரான எனக்கும் ஒரு பிரதி கொடுத்திருந்தார். ஒரே வாரத்தில், “நைஞ்சு போற அளவுக்குப் படிச்சிட்டேன் சார்!” என்று அளந்துவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் பல். அந்தப் பிரதி அன்று முதல் என் வீட்டு மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆய்வாளர் அம்மா வந்தார். நாவலைப் புரட்டினார். தலைமை நூலகருடையது நாள் முழுக்க முத்திரை குத்துகிற கை அல்லவா, பக்கத்துக்குப் பக்கம் ஊதா மை.

“இருநூறு பக்கம், ஒரே கட்டைவிரல். யாரு சார் இந்த வாசகர்?”

தலைமை நூலகர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். “அது நான்தான் மேடம். ஆனா நிஜமாவே ஒருத்தர் படிச்சிருக்காரு. இதோ, இவரு! நைஞ்சு போற அளவுக்கு.”

“ஓ, அப்ப இந்தச் சமர்ப்பணம் உங்களுக்குத்தானா?”

“எனக்கா?” வாய் முந்திக்கொண்டது.

ஆய்வாளர் அம்மா புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ‘இதை முதலில் படிக்கப்போகும் என் உதவியாளருக்கு.’

தலைமை நூலகர் புத்தகத்தை வாங்கி, தேதி முத்திரையைக் குத்தி, என் முன்னால் வைத்தார்.

“பதினாலு நாள்ல திருப்பிக் குடுத்துடுங்க.”

“இரவல் போன புத்தகத்தை என்னால கழிக்க முடியாது” என்று ஆய்வாளர் அம்மா அடுத்த அலமாரிக்கு நகர்ந்தார்.

இன்று பதின்மூன்றாவது நாள். நூற்றெண்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அதைச் சொன்னால் அவர் நம்ப வேண்டுமே.