மறக்கத் தெரிந்த நரி

ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் தில்ஷாத் பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். ஐந்து கம்ப்யூட்டர்கள், நடுநடுவே பிளைவுட் தடுப்பு, எல்லாத் திரைகளும் தெரிகிற மாதிரி பின்பக்கம் அவளுடைய மேசை. கணவன் குர்ஷித் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனபோது அவனோடு பேசுவதற்காக வாங்கிய ஒற்றைக் கம்ப்யூட்டர்தான் பிறகு கடையாக வளர்ந்தது. நடத்துவது ஒரு பெண் என்பதால், மற்ற சென்டர்களுக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பாதவர்கள்கூட இங்கே அனுப்பினார்கள். 2006 வாக்கில் வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்.

ஒருநாள் மதியம் மோகனா வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை பார்ப்பவள். எப்போதும் சிரித்துக்கொண்டே படியேறுகிறவள், அன்று மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நான் இங்க பாத்தது எங்க சூப்பர்வைசருக்கு எப்டி தெரிஞ்சுது?"

தில்ஷாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோகனாதான் சொன்னாள். ராணிப்பேட்டையில் வேறொரு கம்பெனிக்கு வேலை கேட்டு மெயில் அனுப்பியிருந்தாள். அனுப்பியதும் கம்ப்யூட்டரில் அந்த ஜன்னலை மூடிவிட்டுத்தான் எழுந்தாள். பிறகு அவளுடைய சூப்பர்வைசர் அதே இடத்தில் உட்கார்ந்து மெயில் பக்கத்தைத் திறந்திருக்கிறார். திறந்தது மோகனாவின் மெயில். மறுநாள் மொத்த லைனுக்கும் கேட்கும்படி, "இன்னாம்மா, ராணிப்பேட்டையில சம்பளம் ஜாஸ்தியா?" என்று கேட்டாராம். அந்த வாரமே மெஷினிலிருந்து எடுத்து அவளை பேக்கிங்கில் போட்டுவிட்டார்கள்.

"நான் யாராண்டயும் வாயத் தொறக்கல அக்கா. உங்க கம்ப்யூட்டர்தான் சொல்லிடுச்சு."

அவள் போன பிறகு தில்ஷாத் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மெயில் பக்கத்தைத் திறந்தாள். யாரோ ஒருவரின் மெயில் நேராகத் திறந்துகொண்டது. சட்டென்று மூடினாள். தேடும் கட்டத்தில் ஓர் எழுத்தை, பிறகு வேறோர் எழுத்தைத் தட்டினாள். அந்தந்த எழுத்தில் தொடங்கி, முன்னால் உட்கார்ந்தவர்கள் தேடியதெல்லாம் வரிசையாகக் கீழே இறங்கியது. மார்பில் கட்டி. விவாகரத்துக்கு எவ்வளவு நாள் ஆகும். எல்லாரும் அவளுக்கு முகம் தெரிந்தவர்கள். தங்கள் வீட்டில் கேட்க முடியாததை இங்கே வந்து கேட்டிருக்கிறார்கள், அவளை நம்பி.

ஐந்து கம்ப்யூட்டரிலும் இருந்ததையெல்லாம் அழித்தாள். எதையும் நினைவில் வைக்காதே என்று மாற்றி வைத்தாள். நிம்மதி ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் கணக்கராக இருக்கும் ஜேக்கப் சார் தினமும் சாயங்காலம் வந்து தமிழ்ப் பேப்பர் படித்துவிட்டு, துபாயில் இருக்கும் தம்பிக்கு இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார். எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டுகிறவர்.

"இன்னாம்மா இது, எல்லாத்தையும் முதல்லேர்ந்து அடிக்கச் சொல்லுது? பேஜாரா இருக்கு. எனக்கு இதுல மறைக்க இன்னாம்மா இருக்குது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்க வாணியம்பாடியிலிருந்து வருபவரிடம் சொன்னபோது, அவர் ஒரு சிடியில் ஃபயர்பாக்ஸ் என்ற வேறொரு பிரவுசரைக் கொண்டுவந்து கொடுத்தார். மூடினால் பார்த்ததையெல்லாம் அதுவாகவே துடைத்துவிடும்படி அதில் ஓர் ஏற்பாடு இருந்தது. அப்படியானால் எல்லாருக்கும் இதையே வைத்துவிடலாமே என்று நினைத்தாள். ஆனால் அதில் ஜேக்கப் சாரின் பேப்பரைத் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியாக வந்தது. ரயில் டிக்கெட் போடப் போனால் பாதியில் நின்றது.

கடைசியில், நீல ஈ (e) படம் போட்ட பழைய பிரவுசரைப் பழையபடி நினைவில் வைக்கவிட்டு, நரிப் படம் போட்ட ஃபயர்பாக்ஸையும் பக்கத்தில் வைத்தாள். புதிதாக வருகிறவர்களிடம் அவளே எழுந்து போய்ச் சொல்வாள்: "பேப்பர், டிக்கெட், பரீட்சை ரிசல்ட்டு எல்லாம் நீல ஈ-ல பாருங்க, சுலபமா இருக்கும். உங்க சொந்த விஷயம்னா அந்த நரியத் தொறங்க. மூடினா அதுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது." மோகனாவையும் கூப்பிட்டு அனுப்பி, உட்காரவைத்துக் காட்டிக்கொடுத்தாள். மோகனா பேக்கிங்கிலிருந்து தோழிகளை அழைத்துவந்தாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் கடையைத் திறக்கும்போதே ஜேக்கப் சார் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். அவருடைய மகள் இவாஞ்சலின், நர்ஸ் படிப்பு முடித்து உள்ளூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தவள், முந்தின நாள் டூட்டிக்கு என்று கிளம்பியவள் வீடு திரும்பவில்லை. வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்று அவள் கேட்டதும், கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வேணா போ என்று அவர் மறுத்ததும் ஏற்கெனவே நடந்திருந்தது.

"புதன்கிழமை இங்க வந்தா இல்ல? எந்த சிஸ்டம்? தொறந்து காட்டும்மா, எங்க போனான்னு தெரியும்."

நான்காவது கம்ப்யூட்டர். தில்ஷாத் திறந்தாள். நீல ஈ-யில் யாரோ பார்த்த ரிசல்ட் மட்டும் இருந்தது. நரியில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திரை.

"நீதான இதச் சொல்லிக் குடுத்த?" ஜேக்கப் சாரின் குரல் உடைந்தது. "பொண்ணுங்களுக்கெல்லாம் மறைக்கக் கத்துக் குடுத்துட்ட. இப்போ என் பொண்ண நான் எங்கன்னு தேடுவேன்?"

அவர் சொன்னது தப்பு என்று தில்ஷாத்துக்குத் தெரியும். சரியாகவும் பட்டது. மோகனாவுக்கு எது காவலோ அதுவே இந்த மனிதரின் வாசலை அடைத்துவிட்டது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. புதன்கிழமை ஃபேன் போட எழுந்து போனபோது இவாஞ்சலினின் திரையைப் பார்த்திருந்தாள். பெங்களூரில் ஏதோ ஒரு பெண்கள் விடுதி, பச்சைக் கேட்டு, மேலே ஃபிரேசர் டவுன் என்று இருந்தது. நரி மறந்துவிட்டது. அவள் மறக்கவில்லை.

சொன்னால் அவர் அடுத்த பஸ்ஸில் ஏறிப்போய், விடுதி வாசலில் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வருவார். சொல்லாவிட்டால் வீட்டில் அந்தத் தாய் இன்னும் எவ்வளவு நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்?

"சார், வீட்டுக்குப் போங்க. போன் பக்கத்துலயே இருங்க. நான் விசாரிக்கிறேன்" என்றாள்.

"உனக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் நிச்சயமா தெரியாது. தெரிஞ்சுக்கிட்டு சொல்றேன்."

அவர் படியிறங்கிப் போனார். அவள் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து தேடினாள். சில விடுதிகளின் படங்களைப் பார்த்தபின் பச்சைக் கேட்டு கிடைத்தது. நம்பர் இருந்தது, போன் போட்டாள். வார்டன் ஆங்கிலத்தில் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுத்தான் இவாஞ்சலினைக் கூப்பிட்டார்.

"நான் ஆம்பூர் பிரவுசிங் சென்டர் தில்ஷாத் பேசறேன்மா."

"அப்பா கிட்ட சொல்லிட்டீங்களா அக்கா?"

"சொல்லல. சொல்ல மாட்டேன். ஆனா பொத்தானக்கூட சரியா போடாம வந்து படியில உக்காந்திருந்தாரு. எங்க இருக்கன்னு சொல்லாட்டியும் பரவால்ல. நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்த நீயே போன் பண்ணிச் சொல்லு."

"அவரு திட்டுவாரு அக்கா."

"திட்டட்டுமே. அவ்ளோ தூரத்துலேர்ந்து திட்டினா வலிக்காது."

இவாஞ்சலின் அழுதாள், பிறகு சிரித்தாள். அன்று மத்தியானம் வீட்டுக்குப் பேசினாள். ஜேக்கப் சார் திட்டினார், அழுதார், ஒரு மாதம் கழித்து மனைவியோடு பெங்களூர் போய் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்தார். வார்டு சுத்தமாக இருந்ததாக தில்ஷாத்திடம் சொன்னார். அன்று சாயங்காலம் பழையபடி பேப்பர் படித்தார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த இவாஞ்சலின் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "நான் மூடிட்டுத்தானே போனேன். நான் அங்க இருக்கறது உங்களுக்கு எப்டி அக்கா தெரிஞ்சுது?"

"ஃபேன் போட வந்தப்போ கண்ணுல பட்டுச்சு."

"ஓ" என்றாள் அவள். கோபமில்லை. நன்றிகூட இருந்தது அந்தக் குரலில். ஆனாலும் மெயில் பார்க்கப் போனபோது, எப்போதும் உட்காரும் நான்காவதை விட்டு, ஓரத்திலிருந்த ஐந்தாவதில் உட்கார்ந்து திரையை லேசாகச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தில்ஷாத் அதைப் பார்த்தாள். தன் கண் அன்று படாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாள். அந்தப் பச்சைக் கேட்டைப் பார்த்ததற்காக அவள் வருத்தப்படவில்லை. இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை.

புது வருஷம் பிறந்து கடை திறந்த அன்று, பேக்கரிக்காரரைத் துணைக்குக் கூப்பிட்டு மேசையைத் தூக்கி, படிக்கட்டைப் பார்க்கிற மாதிரி வாசலருகே போட்டாள். யார் என்ன திறக்கிறார்கள் என்று இப்போது தெரியாது. ஏதாவது தப்பு நடந்தாலும் தெரியாதே என்று குர்ஷித் போனில் கடிந்துகொண்டான். "தெரியாதுதான்" என்று ஒப்புக்கொண்டாள். மேசையை மட்டும் திரும்ப மாற்றவில்லை.